தோட்டத்தில் ஓரறை வீடு: தையில் தொடங்கினால் எப்போது குடிபோகலாம்?

மதுரையைச் சுற்றி அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடுகிறது. மோட்டார் ரூம் ஓரமாகக் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தது போதும். ஓடு போட்ட ஓர் அறை, முன்னால் திண்ணை, பின்னால் கழிப்பறை, அவ்வளவு இருந்தால் சரி என்கிறார்கள். கொத்தனாரிடம் கேட்டால், "நாற்பது நாளில் முடித்துவிடலாம் அண்ணே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கரண்டி பிடித்து வேலை செய்யும் நாட்களை மட்டும் எண்ணிச் சொல்கிறார். கான்கிரீட் இறுகும் நாள், லாரி வராத நாள், முகூர்த்த நாள், அழகர் ஆற்றில் இறங்கும் நாள் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

வெளி அளவு 12க்கு 15 அடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, 5 அடி அகலத் திண்ணை. இப்படி ஒரு வீட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இரண்டு கொத்தனாரும் அவர்களுக்கேற்ற ஆட்களும் விடாமல் வேலை செய்தால் 3 மாதம். நீங்களும் ஒரு கொத்தனாரும் சனி, ஞாயிறு மட்டும் செய்தால் 10 மாதம் முதல் ஓராண்டு. இதைவிடக் குறைத்துச் சொல்பவர் பூச்சையோ பெயிண்டையோ கழிப்பறையையோ கணக்கில் விட்டிருப்பார்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிட வேண்டும். மற்ற எல்லாத் தேதிகளையும் இந்த ஒரு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் குறிக்க வேண்டும். மதுரைப் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. அக்டோபரில் வானம் திறந்தால் வெட்டிய குழியில் தண்ணீர் நிற்கும், கரிசல் பாதையில் செங்கல் லாரி புதைந்துகொள்ளும். கூரை போட்டுவிட்டால் அதே மழைக்காலத்தில் உள்வேலையை நிதானமாகப் பார்க்கலாம்.

அதனால் தை மாதத்தில் தொடங்குவது நல்லது. வாஸ்து பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தி வருகிறது: தை 12, மாசி 22, சித்திரை 10, வைகாசி 21 என்று அடுத்தடுத்து வாஸ்து நாட்கள் இருக்கின்றன. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் வாஸ்து நாளே கிடையாது. ஆடியில் ஒரு நாள் இருந்தும் பலர் தொடங்கமாட்டார்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மாதத்தில் ஊரே வானம் (அடித்தளக் குழி) தோண்டுகிறது. கொத்தனாருக்குத் தட்டுப்பாடு வருவது அப்போதுதான். ஆகாத மாதத்தில் கூப்பிட்டால் மறுநாளே வருவார்.

ஆள் வராத நாட்களையும் நாட்காட்டியில் முன்கூட்டியே அடித்துவிடுங்கள். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு என்று ஒரு வாரம் போய்விடும். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம் தொடங்கி அழகர் மலைக்குத் திரும்பும் வரை மதுரையில் செங்கல் ஒன்று நகராது. உங்கள் கொத்தனாரின் ஊர் அம்மனுக்கு முளைப்பாரி எந்த மாதம் என்பதை முதல் நாளே கேட்டு வைப்பது நல்லது. ஓராண்டின் சனி, ஞாயிறு 104 நாள் என்றால், விசேஷமும் மழையும் போக 70 நாள் கையில் நின்றாலே அதிகம். வார இறுதியில் கட்டுபவருக்கு ஓராண்டு பிடிப்பது இதனால்தான்.

காகிதம்

பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற மனையாக இருந்தால் கவலை குறைவு. தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த சுயசான்று முறையில், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. வயலின் நடுவே கட்ட நினைத்தால் கதை வேறு. குறிப்பாகப் பெரியாறு பாசனத்தில் இருக்கும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து நஞ்சையில் நிலப் பயன்பாட்டு மாற்றம் தனி வேலை. அதற்கு மாதக்கணக்கில் ஒதுக்க வேண்டும். அந்த மாதங்களை மேலே சொன்ன 3 மாதத்திலோ ஓராண்டிலோ நான் சேர்க்கவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்து முடிக்கும்வரை செங்கல்லுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மண்ணைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்

மதுரை மாவட்டத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் மண் மாறிவிடும். அதோடு உங்கள் தேதியும் மாறும். மேலூர், அழகர்கோவில், நத்தம் சாலைப் பக்கம் செம்மண்ணும் சரளையும். மூன்று நான்கு அடியில் கடப்பாரை 'ணங்' என்று அடிக்கும். சோழவந்தான் பக்கம் வைகை வண்டல். நெல் நிற்கும் காலத்தில் குழி தோண்டினால் ஊற்று வரும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல்.

கரிசல்தான் ஆளைச் சோதிப்பது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்; மழையில் உப்பிக்கொண்டு எழும். மேலே நிற்கும் சுவரையும் கூடவே தூக்கி இறக்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடினால், காரணம் பெரும்பாலும் அடியில் விட்டுவைத்த கருப்பு மண்தான். சந்தேகம் இருந்தால் நிலத்தில் இரண்டு இடத்தில் நான்கடிக் குழி போட்டு, அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து நீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். செம்மண் உதிர்ந்து போகும். கரிசல் பென்சிலைவிட மெல்லிய திரியாக நீளும், வளைத்தாலும் முறியாது.

திரி நீண்டால், சுக்கானோ (சுண்ணாம்புக்கல் அடுக்கு) சரளையோ தட்டும் வரை கருப்பு மண்ணை எடுத்தே ஆக வேண்டும். ஆறடி போயும் தட்டவில்லை என்றால் அடியில் குமிழ் விட்ட பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடுவதுதான் வழி. அங்கே கொத்தனாரின் அனுபவத்தை மட்டும் நம்பாமல் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். கரிசலில் கட்டுபவர் அடித்தளத்துக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரும் நிலையும்: வானம் தோண்டுவதற்கு முன்பே

முதல் செங்கல் வைப்பதற்கு முன் இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று தண்ணீர். கலவைக்கு ஆகும் தண்ணீரைப்போல் பலமடங்கு சுவரை நனைக்க ஆகும். போரோ கிணறோ இல்லாமல் டிராக்டர் டேங்கரை நம்பித் தொடங்கினால், டேங்கர் வராத நாளில் சுவர் காயும். சித்திரை வெயிலில் ஒரு நாள் காய்ந்தாலும் அது பலவீனம்தான். ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் நீளமான ஹோஸும் முதல் செலவாக இருக்கட்டும்.

இரண்டாவது நிலை. கதவு நிலையும் ஜன்னலும் தச்சுப் பட்டறையில் தைக்கு முன்பே சொல்லிவிட வேண்டியவை. சுவர் எழும்பி நிலைக்காகக் காத்திருப்பது இங்கே சர்வ சாதாரணம். தச்சர் ஒரு வாரம் என்றால் மூன்று வாரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்து வேம்பையே அறுத்துச் செய்வதாக இருந்தால் இன்னும் முன்னால் போக வேண்டும். பச்சை மரத்தில் செய்த நிலை ஒரு கோடைக்குள் முறுக்கிக்கொள்ளும், கதவு சாத்தாது. அறுத்த பலகையை நிழலில், இடையே குச்சி வைத்து அடுக்கிப் பல மாதம் ஆறவிட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் காய்ந்த மரமாகக் கடையில் வாங்கிவிடுங்கள்.

வானம், கருங்கல், பெல்ட்: ஒரு மாதம்

சதுரம் பார்ப்பதை அவசரப்படுத்தாதீர்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 9 அடியும் மறுபக்கம் 12 அடியும் குறித்து, குறுக்கே 15 அடி வந்தால் மூலை சரி. பிறகு முழு வீட்டுக்கும் குறுக்கு அளவு பாருங்கள்: 12க்கு 15க்கு இரண்டு மூலைவிட்டமும் 19 அடி 2½ அங்குலம் வர வேண்டும். இங்கே அரை அங்குலம் பிசகினால் கடைசியில் ஓடு பரப்பும்போது ஒரு ஓரத்தில் ஓடுகளை வெட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி ஆழம் என்றால் நான்கு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 450 கன அடி மண். பழகிய ஆள் ஒருவர் ஒரு நாளில் சுமார் 100 கன அடி எடுப்பார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பழகிய கை அதில் பாதி எடுத்தால் பெரிய விஷயம். ஜே.சி.பி. சில மணி நேரத்தில் முடித்துவிடும். ஆனால் கரையைச் சரித்துவிடும், அகலம் கூடும், அந்த அகலத்தை நிரப்பக் கருங்கல் கூடும். இவ்வளவு சின்ன வீட்டுக்கு ஆள் வைத்து வெட்டுவதே சரி என்பது என் கட்சி.

அடியில் அரையடி கான்கிரீட், அதன்மேல் கருங்கல் கட்டு, தரைக்கு மேல் இரண்டடி பேஸ்மட்டம். கல் கட்டு நிதானமான வேலை. கொத்தனார் ஒருவர் ஒரு நாளில் 35 கன அடி கட்டினால் நல்ல வேலை. இரண்டு பேருக்கு ஒரு வாரம் பிடிக்கும். இடுக்கில் கலவை இறங்காமல் சில்லுக்கல்லைச் செருகி மேலே பூசி மறைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பேஸ்மட்டத்தின் மேல் கம்பி கட்டி ஒரு பெல்ட் (சுற்றிலும் ஓடும் கான்கிரீட் பட்டை) போட இரண்டு நாள். கடைகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 : 2000 படி அந்த வகைக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும், காய்ந்த வெயில் காலத்தில் 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது. அந்த நாட்களைச் சும்மா விடாமல் உள்ளே கிராவல் கொட்டி, அரையடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள். நிரப்பலைச் சரியாக இடிக்காத வீட்டில் தரை மூன்றாம் வருடம் உட்காரும்.

சுவர்

100 சதுர அடி ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ 1000 செங்கல். கதவு, ஜன்னல் கழித்து இந்த வீட்டுக்கு 4000 ஆகும். கூரைச் சாய்வைத் தாங்கும் இரண்டு பக்க முக்கோணச் சுவருக்கும் உடைசலுக்கும் சேர்த்து 5000 இறக்குங்கள். கொத்தனாரும் சித்தாளும் சேர்ந்தால் நாளுக்கு 500, 600 கல் வைப்பார்கள். கணக்குப்படி இரண்டு பேர் ஐந்து நாளில் முடிக்க வேண்டும். முடியாது. ஒரே நாளில் 5 அடிக்கு மேல் சுவர் ஏற்றக்கூடாது. கீழ் வரியின் கலவை இன்னும் பச்சையாக இருக்கும், மேல் பாரத்தில் பிதுங்கும். 7 அடியில் லிண்டல் (கதவு, ஜன்னல் தலைக்கு மேல் வரும் கான்கிரீட் விட்டம்) போட்டு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் சாரம் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று வாரம்.

நீங்கள் செய்ய ஏற்ற வேலை செங்கல்லை நனைப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பாதி கட்டடங்களில் இதைத்தான் ஏமாற்றுகிறார்கள். காய்ந்த செங்கல்லைத் தொட்டியில் போட்டால் 'உஸ்ஸ்' என்று சத்தம் எழும், குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். குமிழ் நிற்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரமாவது உள்ளே கிடக்க வேண்டும். பிறகு எடுத்துச் சாய்த்து வைத்து, மேலே நின்ற நீர் வழிந்து, கல் ஈரமாகவும் தொட்டால் கையில் சொட்டாமலும் இருக்கும் பதத்தில் கொத்தனாருக்கு நீட்டுங்கள். மேலே ஒரு வாளி ஊற்றிவிட்டு 'நனைத்தாயிற்று' என்று கொடுக்கும் கல், கலவையில் இருக்கும் நீரைக் குடித்துவிடும். அந்தக் கலவை பிடிக்காது. கட்டி முடித்த மறுநாள் ஒரு கல்லைக் கையால் அசைத்துப் பார்த்தால் தெரியும்.

கல் வைக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் நடுச்சுவரைக் கேளுங்கள், மூலையைக் கேட்காதீர்கள். மூலையைக் கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்து ஏற்றிவிட்டு நூல் கட்டித் தருவார். நூலைத் தொடாமல் நூலோடு ஒட்டி வைத்துப் போவது உங்கள் வேலை. நிலை நிறுத்துவதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். புதிய கைக்கு முதல் நாள் 100 கல் ஓடும், போகப்போக 200. வேகம் வேண்டுமென்றால் நீங்கள் கலவை தூக்குவதே லாபம்.

வார இறுதியில் கட்டுபவர்களுக்கு இரண்டு செய்தி. சிமெண்டை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மூன்று மாதம் தாண்டிய மூட்டையின் பலம் குறைந்துவிடும். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதைத் தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். இரண்டாவது, திங்கள் முதல் வெள்ளி வரை காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் விடப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசி, கூலி கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள். உறவுக்காக விடுகிறேன் என்பவர் மூன்றாம் நாள் மறந்துபோவார்.

கூரை

காலண்டரைத் தீர்மானிக்கும் முடிவு இது. கான்கிரீட் தளம் போட்டால் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டுக் கம்பமும்) அடித்துக் கம்பி கட்ட ஒரு வாரம், போட ஒரு நாள். 4.5 மீட்டருக்குக் குறைந்த அகலத்துக்கு முட்டுக் கம்பங்களை 7 நாளில் பிரிக்கலாம் என்று தரவிதி சொல்கிறது. நம் கொத்தனார்கள் இரண்டு வாரத்துக்குக் குறைந்து தொடமாட்டார்கள், பி.பி.சி. சிமெண்டுக்கு அந்த நிதானம் நியாயம்தான். ஆக மூன்று வாரத்துக்கு மேல். தகர ஷீட் இரண்டு நாளில் முடியும், ஆனால் 40 டிகிரியைத் தாண்டும் மதுரை வெயிலில் பகல் பன்னிரண்டுக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. ஓடு நடுவில் வருகிறது: இரும்புக் குழாயில் சட்டம் செய்ய நான்கைந்து நாள், ஓடு பரப்ப இரண்டு நாள்.

திண்ணையையும் இறவாரத்தையும் சேர்த்தால் கூரை ஏறத்தாழ 400 சதுர அடி. சதுர அடிக்கு ஒன்றரை மங்களூர் ஓடு என்று 600 வாங்குங்கள், முகட்டு ஓடு தனி. பத்தடிக்கு ஐந்தடி உயர்கிற சாய்வு வேண்டும். தட்டையாகப் போட்டால் காற்றோடு வரும் மழை ஓட்டின் அடியில் ஏறி உள்ளே வழியும். மதுரைக்குப் பக்கத்துக் கீழடி அகழாய்வில் கிடைத்த பழங்காலக் கூரை ஓடுகளில் நீர் வழிய விரலால் இழுத்த வரிகளும், கட்டுவதற்கான துளைகளும் இருக்கின்றன. இந்தப் பக்கம் சாய்கூரை அவ்வளவு பழையது.

சட்டமும் ஓடும் ஆனிக்குள் முடியட்டும். ஆடிக் காற்றில் பாதி பரப்பிய கூரையை விட்டுவைப்பது ஆபத்து. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஓரத்து ஓடுகளைத் தூக்கிவிடும். ஓர வரியையும் முகட்டையும் கலவை வைத்துப் பிடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அழகர்மலை அடிவாரத்தில் கட்டுபவர் ஓட்டுக் கூரையையே மறந்துவிடலாம்: குரங்குகள் ஓடுகளைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும்.

கழிப்பறை

சுவர் எழும்பும்போதே கூடவே செய்துவிடுங்கள். கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் 50 அடியாவது தள்ளிக் கழிவுக் குழிக்கு உறை இறக்குவது ஒரு நாள் வேலை. அறை கட்ட ஒரு வாரம். முதலிலேயே கட்டிவிட்டால் வேலைக்கு வரும் பெண்களுக்கும் பயன்படும். பல இடங்களில் இதை யாரும் நினைப்பதில்லை.

பூச்சு, தரை, பெயிண்ட்

வயரிங் குழாயைப் பூசுவதற்கு முன் பதித்துவிடுங்கள். பூசியபின் சுவரை வெட்டுவது இரட்டை வேலை. உள்ளும் புறமும் சேர்ந்து 900 சதுர அடி வரும், கொத்தனாருக்கு நாளுக்கு 100 சதுர அடி. வெளிப்பக்கம் செங்கல் நன்றாக இருந்தால் பூசாமல் பாயிண்டிங் (கல் இடுக்குகளை மட்டும் கலவையால் அடைப்பது) மட்டும் செய்யலாம். சில நாள் மிச்சம், பார்க்கவும் அழகு. தரைக்குச் சிவப்பு ஆக்சைடோ ஆத்தங்குடிக் கல்லோ போடலாம், இரண்டும் காலுக்குக் குளிர்ச்சி. எதுவானாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது.

அவசரக்காரர்கள் இடறுவது பெயிண்டில். புதுப் பூச்சில் ஈரம் போக ஒரு மாதமாவது விட வேண்டும், மழைக்காலமென்றால் இன்னும் அதிகம். குடிபோகும் தேதி குறித்துவிட்டோம் என்று பத்தாம் நாள் பட்டி தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் அடுத்த ஐப்பசியில் உரியும். தேதி நெருங்கிவிட்டால் சுண்ணாம்பு அடித்துப் பால் காய்ச்சிவிட்டு, பெயிண்டைக் கோடைக்குத் தள்ளிவையுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன் மேலேயே பெயிண்ட் அடிக்காமல் அப்போது நன்றாகச் சுரண்டிவிட வேண்டும்.

மாதவாரியாகப் பார்த்தால்

வார இறுதிக் கட்டுமானம் இப்படி ஓடும். தையில் வானம், மாசியில் கருங்கல், பங்குனியில் பெல்ட்டும் நிரப்பலும். சித்திரையில் திருவிழா போக ஜன்னல் மட்டம் வரை சுவர். வைகாசியில் லிண்டலும் முக்கோணமும், ஆனியில் கூரை. ஆடியில் காற்றும் விசேஷமும் போக வயரிங். ஆவணியிலும் புரட்டாசியிலும் பூச்சு, ஐப்பசி மழையில் தரை. கார்த்திகை முழுக்கச் சுவர் காயும். மார்கழியில் கதவு, சுண்ணாம்பு, மின் இணைப்பு. தையில் குடிபோகலாம்.

ஏதாவது ஒரு மாதம் தவறினால் எதை விட்டுக்கொடுப்பது? பூச்சை விடலாம், தரையை விடலாம், திண்ணையைக்கூட அடுத்த வருடத்துக்கு விடலாம். கூரையை மட்டும் விடக்கூடாது. அதையும் மீறிப் புரட்டாசி பிறந்தும் சுவர் லிண்டலைத் தாண்டவில்லை என்றால் ஓட்டுக்காகக் காத்திராமல், சுவரின் தலையில் பிளாஸ்டிக் படுதா போட்டுக் கல் வைத்து மூடி, நிலையைச் சாக்கால் சுற்றிவிட்டு, தைக்குப் பிறகு தொடருங்கள். மழைக்கு நடுவே கிடைக்கிற இரண்டு நாள் வெயிலை நம்பிச் சாரத்தில் ஏற வேண்டாம்.

குடிபோன பிறகு வரும் முதல் மழையில் எங்காவது ஒரு சொட்டு விழத்தான் செய்யும். விளக்கோடு உள்ளே நின்று, எந்த ஓட்டின் இணைப்பில் வருகிறது என்று பார்த்துச் சட்டத்தில் சாக்கட்டியால் குறியுங்கள். மழை விட்டு ஓடு காய்ந்தபின் அந்த ஒன்றையும் அதன் மேல் ஓட்டையும் மட்டும் சரித்து உட்கார வைத்தால் போதும்; ஈர ஓட்டின் மேல் கால் வைத்தால் வழுக்கும், உடையும். உடைந்ததற்கு மாற்ற, வாங்கிய 600ல் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்காமல் கழிப்பறைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். அடுத்த சூளைச் சரக்கின் அச்சு இதோடு பொருந்தும் என்று சொல்ல முடியாது.